இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

கரண்ட் போன இரண்டாவது நிமிடமே இன்வெர்ட்டரும் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. போன சித்திரையில் பெரியம்மா வீட்டில் இதுதான் பாடு. பார்க்க வந்தவர் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. "வோல்ட் இருக்கும்மா, ஆனா பேக்கப் நிக்காது, பேட்டரி போச்சு" என்று சொல்லி, புதுசுக்கு 16,000 ரூபாய் ஆகும் என்று கணக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த பேட்டரி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னுடைய மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கும் முதலில் அதே 12.6தான் காட்டியது. அப்புறம் இன்வெர்ட்டருக்குப் போகும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு ஃபேன், டிவி, நான்கு விளக்கு எல்லாவற்றையும் போடச் சொன்னேன். இப்போது பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே மீட்டர் முள்ளை வைத்து அளந்தால் 12.2. இன்வெர்ட்டரின் பின்பக்கம், கேபிள் போய்ச் சேரும் போல்ட்டில் அளந்தால் 10.6. இடையில் இருப்பது ஒரு முழம் கேபிளும் இரண்டு நட்டும்தான். அந்த வழியில் 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. பாசிட்டிவ் முனையைச் சுற்றி நீலமும் பச்சையுமாகப் பூத்திருந்த பூச்சைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வெந்நீரும் ஒரு கரண்டி ஆப்ப சோடாவும் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கியதோடு வேலை முடிந்தது. அந்த பேட்டரி இன்றைக்கும் ஓடுகிறது.

இதை எழுதுவதற்கு அந்த 16,000 ரூபாய்தான் காரணம். சும்மா இருக்கும் பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பரவலான பழக்கம். வேலை செய்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம்.

முதலில் மூன்று சொற்கள்

நாம் எல்லாவற்றையும் 'கரண்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். கரண்ட் போயிடுச்சு, கரண்ட் அடிச்சிருச்சு, கரண்ட் பில் வந்திருக்கு. பேச்சுக்கு அது போதும், பழுது பார்க்கப் போதாது.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே சமையலறையில் குழாய். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். அதுதான் வோல்டேஜ், வோல்ட்டில் அளப்போம். குழாயைத் திறந்தால் ஓடும் தண்ணீரின் அளவு கரண்ட், அதாவது மின்னோட்டம். இதற்கு அளவு ஆம்பியர். குழாய்க்குள் உப்புப் படிந்து ஓட்டத்தைத் தடுக்கிறதே, அது ரெசிஸ்டன்ஸ், மின்தடை. அளவு ஓம். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் அந்த இடத்தில் எத்தனை வோல்ட் வீணாகிறது என்று வந்துவிடும்.

இனி முக்கியமான இடம். குழாய் மூடியிருக்கும்வரை, உப்பு எவ்வளவு அடைத்திருந்தாலும் குழாய் வாயில் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் நூல் மாதிரி ஒழுகும். பெரியம்மா வீட்டில் நடந்தது இதுவே. சும்மா இருக்கையில் கரண்ட் ஓடவில்லை, அதனால் வோல்ட் எங்கும் இழக்கப்படவில்லை. சுமை ஏறி 40 ஆம்பியர் ஓடியபோது, பூத்துப்போன அந்த இணைப்பின் தடை வெறும் 0.04 ஓம்தான். ஆனால் 40ஐ 0.04ஆல் பெருக்கினால் 1.6 வோல்ட். 1.6 வோல்ட்டை 40 ஆம்பியரால் பெருக்கினால் 64 வாட். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு சூடு அந்த ஒற்றை நட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கேபிளின் பிளாஸ்டிக் உறை அந்த இடத்தில் இளகிப் பழுப்பேறியிருந்தது.

கை வைக்கும் முன்

12 வோல்ட் பேட்டரியை உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. உலர்ந்த தோலின் தடை ஆயிரக்கணக்கான ஓம் என்பதால் ஓடும் கரண்ட் மிகச் சொற்பம். அதே பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து இரும்பைப் பழுக்கக் காய்ச்சிவிடும். வோல்ட்டுக்கும் கரண்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடையாது. அதனால் மோதிரம், வளையல், வாட்ச், தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றுவதாக இருந்தால் இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது கந்தக அமிலம், கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இன்வெர்ட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அதன் மறுபக்கம் 230 வோல்ட். நம் வேலை பேட்டரிப் பக்கத்தோடு சரி.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்பு முள் பாசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில். சிவப்பு வயர் மீட்டரில் '10 ஆம்பியர்' என்று எழுதிய துளையில் செருகியிருக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தத் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால், குறுக்கே ஸ்பேனரைப் போட்டதற்குச் சமம்.

கரண்ட் போனதும் சில நிமிடங்களில் அணைகிறது

முந்தைய இரவு முழுக்க சார்ஜ் ஆகியிருக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்து, எந்தச் சுமையும் இல்லாமல் ஒரு மணி நேரமாவது விட்டு அளந்தால் 12.5க்கு மேல் இருக்க வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால்வாசி, 11.8க்குக் கீழே என்றால் காலி. சார்ஜை நிறுத்திய உடனே அளந்தால் 13க்கு மேல் காட்டும். அது உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், சீக்கிரம் வடிந்துவிடும், நம்ப வேண்டாம்.

இது சரியாக இருந்தால் சுமையை ஏற்றுங்கள். வழக்கமாக ஓடும் ஃபேன், விளக்கு, டிவி போதும். மீட்டர் முள்ளை நட்டிலோ கேபிள் வளையத்திலோ வைக்காமல், பேட்டரியிலிருந்து எழும்பி நிற்கும் ஈயக் கட்டையிலேயே அழுத்தி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) பேட்டரி 30, 40 ஆம்பியர் கொடுக்கும்போதும் 12ஐ ஒட்டியே நின்று, மெதுமெதுவாகத்தான் இறங்கும். கண்ணெதிரே 11.5, 11.1, 10.7 என்று சரிந்தால் பேட்டரிக்குள்தான் கோளாறு. அப்படியானால் இதை விட்டுவிட்டு அடுத்த இரண்டு பகுதிகளுக்குப் போய்விடுங்கள்.

கட்டையில் வோல்ட் நன்றாக நின்றும் இன்வெர்ட்டர் அணைகிறது என்றால், தேட வேண்டிய இடம் வழியில் இருக்கிறது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு முள்ளை பாசிட்டிவ் ஈயக் கட்டையிலும், கறுப்பு முள்ளை அதன் மேல் மாட்டியிருக்கும் கேபிள் வளையத்திலும் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, அதனால் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.02, 0.03 பரவாயில்லை. 0.1ஐத் தாண்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இதேபோல வளையத்துக்கும் கேபிளின் செம்புக் கம்பிக்கும் நடுவில், பிறகு நெகட்டிவ் கட்டையில், கடைசியாக இன்வெர்ட்டரின் பின்புற போல்ட்டில். ஒவ்வோர் இணைப்பாகத் தாண்டிப் போனால் திருடன் எங்கேயாவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்வான். இரட்டை பேட்டரி வைத்திருந்தால் இரண்டையும் இணைக்கும் குட்டைக் கேபிளை மறந்துவிடாதீர்கள், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை.

சுத்தம் செய்யும் முறை: கேபிளைக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். அமிலத்தை சோடா முறிக்கிறது என்று அர்த்தம். அந்த நீர் ஒரு சொட்டுகூட பேட்டரியின் மூடித் துளைக்குள் போகக் கூடாது, உள்ளே இருக்கும் அமிலத்தையும் அது முறித்துவிடும். துடைத்து உலர்ந்த பின் கட்டையையும் வளையத்தின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, மாட்டி இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு மாட்டுவதை நான் செய்வதில்லை. உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உட்கார்ந்த பிறகு, காற்றும் ஈரமும் புகாமல் மூடத்தான் வாசலின்.

முன்பு நான்கு மணி நேரம் வந்தது, இப்போது ஒரு மணி நேரம்கூட வருவதில்லை

பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் சுமையைக் கூட்டிப் பாருங்கள். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன் 150, எல்.இ.டி. டியூப் இரண்டு 40, டிவி 80, ஆக 270 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு இதற்கு மேல் இன்னும் ஐந்தில் ஒரு பங்கை இழுத்துச் சூடாக்கி வீணடிக்கும் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 325 வாட் போகிறது. 12ஆல் வகுத்தால் 27 ஆம்பியர். 150 ஆம்பியர்-ஹவர் என்று மேலே அச்சிட்டிருப்பது வழக்கமாக 20 மணி நேரக் கணக்கு, அதாவது ஏழரை ஆம்பியராக நிதானமாக எடுத்தால் கிடைப்பது. 27 ஆம்பியராக இழுத்தால் அத்தனையும் கிடைக்காது. புதுப் பேட்டரியே நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். மகன் ரூமில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, ஃப்ரிட்ஜ் பாயிண்ட் தவறுதலாக இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இப்படிக் கூட்டும்போதுதான் வெளியே வரும். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் ஓடிவிடும். மேலே சொன்ன கணக்கில் இரண்டு ஃபேனையும் மாற்றினால் 27 ஆம்பியர் 18 ஆகக் குறைந்து, அதே பேட்டரி ஆறு மணி நேரத்தைத் தாண்டும். பேட்டரியை மாற்றும் காசுக்கு நான் முதலில் ஃபேனை மாற்றச் சொல்வேன்.

சுமை கூடவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். பேட்டரிக்குள் செல் என்று ஆறு தனி அறைகள் இருக்கும். ஒவ்வொரு செல்லின் மேலும் மிதக்கும் குச்சி சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால், உள்ளே தட்டுகளின் மேல்பகுதி காற்றில் காய்கிறது. காய்ந்த பகுதி மின்சாரம் தராது, திரும்பவும் முழுதாகத் தேறாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மீதம் இருக்கும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகமும் கலந்திருக்கும், இரண்டும் வேண்டாம். ஆசிட்டை ஊற்றவே கூடாது. வற்றிப்போனது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. பேட்டரி சக்தி குறைந்துவிட்டது, ஆசிட் போட்டால் ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில வாரங்கள் தெம்பாக இருப்பதுபோல் தெரியும், தட்டுகள் அரிக்கப்பட்டுப் போய்விடும்.

தண்ணீரும் சரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய் ஒன்று வேண்டும், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முழு சார்ஜுக்குப் பிறகு ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சினால் உள்ளே மிதவை எழும்பி நிற்கும். அதில் தெரியும் எண் திரவத்தின் அடர்த்தி, வெறும் தண்ணீர் என்றால் 1000. வீட்டு இன்வெர்ட்டருக்கு வழக்கமாக வைக்கும் டியூபுலர் பேட்டரியில் 1240ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இதைச் சொல்லும் காரணம் எளிது. பேட்டரி காலியாகும்போது திரவத்திலுள்ள கந்தக அமிலம் ஈயத் தட்டில் போய் ஈய சல்பேட்டாக ஒட்டிக்கொள்கிறது, திரவம் வெறும் தண்ணீரை நோக்கிப் போகிறது, மிதவை மூழ்குகிறது. சார்ஜ் செய்தால் அமிலம் திரும்பித் திரவத்துக்கு வர வேண்டும். ஆறு செல்லிலும் ஒரே மாதிரி 1180, 1190 என்று நின்றுவிட்டால் அமிலம் முழுதாகத் திரும்பவில்லை, சார்ஜ் போதவில்லை அல்லது சல்பேட் இறுகிவிட்டது. பாதி சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்த பேட்டரிக்கு இது வரும். ஊருக்குப் போவதற்காக வீட்டைப் பூட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் பேட்டரிக்கு இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு மூன்று முறை தொடர்ந்து முழு சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், அளவு மேலே வந்தால் பிழைத்தது. வராவிட்டால் இந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது, மாற்றுவதுதான் வழி.

எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 வோல்ட்டைத் தாண்டுவதில்லை

ஒரு செல்லின் வோல்ட்டைத் தீர்மானிப்பது அதன் ரசாயனம், அளவு இல்லை. விரல் அளவு பென்டார்ச் செல்லும் 1.5 வோல்ட்தான், பழைய டார்ச்சின் தடித்த செல்லும் 1.5தான். ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்தால் ஏறக்குறைய 2.1. பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்த முதல் ஈய-அமில பேட்டரியிலும் இதே கணக்கு, உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருப்பதிலும் இதே கணக்கு. ஆறு செல்லை வரிசையாகக் கோத்தால் 12.6 வருகிறது.

இனி 10.5ஐ 2.1ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து வரும். ஆறில் ஒரு செல் போய்விட்டது. தட்டிலிருந்து உதிர்ந்த துகள் அடியில் சேர்ந்து தட்டுகளைத் தொடுத்துவிட்டால் அந்தச் செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1240, ஒன்று மட்டும் 1150 என்று தனித்து நிற்கும். சார்ஜ் ஆகும்போது மூடியைத் திறந்து பார்த்தால் மற்ற செல்களில் குமிழி வரும், அதில் வராது. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் இந்த ஆறு அளவுகளையும் தாளில் எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "பேக்கப் வரலை" என்று சொல்வதைவிட "மூணாவது செல் 1150" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சார்ஜே ஏறவில்லை போலிருக்கிறது

கரண்ட் இருக்கும்போது கட்டையில் அளங்கள். சார்ஜ் ஏறினால் வோல்ட் ஓய்வு நிலையைவிட மேலே போய், போகப்போக 13ஐத் தாண்டி, 14ஐ ஒட்டி வரும். தொட்டியில் தண்ணீர் ஏற்ற மோட்டார் தொட்டியின் உயரத்தைவிடக் கூடுதலாகத் தள்ள வேண்டுமே, அதே காரணம்தான். மெயினைப் போட்டாலும் அணைத்தாலும் அளவு அசையவில்லை என்றால் இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் அல்லது ரீசெட் பட்டனைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் உள்ளே சார்ஜர் போயிருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. கோடையில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏ.சி.யும் ஓடும்போது 230 இருக்க வேண்டியது 170க்கு இறங்கிவிடும். இன்வெர்ட்டரின் பின்னால் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். அது யு.பி.எஸ்.இல் இருந்தால், 180க்குக் கீழே இறங்கியதுமே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரியில் ஓடத் தொடங்கிவிடும். தெருவெல்லாம் விளக்கு எரியும், உங்கள் வீடு மட்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். இரவில் உண்மையிலேயே கரண்ட் போகும்போது பேட்டரி காலி. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் அந்த சுவிட்சை நார்மலுக்குத் தள்ளினால் போதும்.

தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

நாற்றம் வந்தால் அளப்பதெல்லாம் அப்புறம். முதலில் மெயின் பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும்போது வருவது. ஆறிய பிறகு பார்த்தால் பேட்டரியின் பெட்டி உப்பியிருக்கலாம். அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக் கூடாது.

நாற்றமில்லை, மாதாமாதம் தண்ணீர் மட்டும் கேட்கிறது என்றால் முழு சார்ஜ் ஆன பிறகு அளங்கள். 13.5, 13.8 என்று அமைதியாக நிற்க வேண்டும். நாளெல்லாம் 14.8, 15 என்று நின்றால் சார்ஜர் நிறுத்த மறந்துவிட்டது. ஒரே ஒரு செல் மட்டும் வற்றினால் கோளாறு அந்தச் செல்லில்.

பைக்கில் செல்ஃப் 'டிக் டிக்' என்கிறது, எடுக்கவில்லை

இதே மீட்டர், இதே முறை. சீட்டைத் தூக்கி பேட்டரியில் முள்ளை வைத்தபடி இன்னொருவரைச் செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 12ஐ ஒட்டியே நின்று டிக் சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட்டே போய்ச் சேரவில்லை: ரிலே, கேபிள், அல்லது சேஸிஸில் திருகியிருக்கும் நெகட்டிவ் முனை. மழைக்காலத்தில் அந்த முனைதான் துருப்பிடிக்கும்.

பேட்டரி பலவீனம் என்று தெரிந்தாலும் உடனே மாற்றாதீர்கள். கிக்கரில் உதைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து அளங்கள். 13.8இலிருந்து 14.5 வரை வந்தால் வண்டி சார்ஜ் செய்கிறது. 12.3இலேயே நின்றால் சார்ஜ் இல்லை, புதுப் பேட்டரி போட்டாலும் பத்து நாளில் படுத்துவிடும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அது புதுப் பேட்டரியையும் கொதிக்க வைத்துவிடும்.

சார்ஜும் சரி, ஆனால் நான்கு நாள் நிறுத்தி வைத்தால் செத்துக் கிடக்கிறதா? எங்கோ கரண்ட் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கட்டைக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். இந்த முறை மட்டும் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில், சுவிட்ச் டி.சி. ஆம்பியரில். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அழுத்தவோ கூடாது. கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டர் யூனிட்டுக்கும் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் போகிறது. 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கே நாளில் காலி. பின்னால் சேர்த்த அலாரம், ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர் பாயிண்ட் இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அதுதான்.

ரிமோட் செல் 1.3 வோல்ட் காட்டுகிறது, ஆனால் ரிமோட் வேலை செய்யவில்லை

செல் பழசாகப் பழசாக அதன் உள்தடை ஏறிக்கொண்டே போகும். சும்மா அளந்தால் 1.3, ரிமோட்டின் பட்டனை அழுத்திய நொடியில் 1க்குக் கீழே விழுந்துவிடும். செல்லைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்று வீட்டில் செய்வோமே, அதில் உண்மை இருக்கிறது. சூட்டில் உள்ளே ரசாயன வேகம் கூடி உள்தடை தற்காலிகமாகக் குறைகிறது. சார்ஜ் ஏறுவதில்லை, மீதம் இருப்பது வெளியே வருகிறது. இரண்டு செல்லில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். புதியது தள்ளும் கரண்ட் பழைய செல்லின் வழியாகத்தான் போக வேண்டும், அது முழுக்கக் காலியாகி ஒழுகிவிடும்.

அந்த 1.3 வோல்ட் செல்லைக் குப்பையில் போடவும் வேண்டாம், சுவர்க் கடிகாரத்தில் போடுங்கள். கடிகாரம் கேட்பது நொடிக்கு ஒரு துளி கரண்ட். அந்த ஓட்டத்தில் உள்தடை எடுத்துக்கொள்ளும் வோல்ட் ஒன்றுமே இல்லை. மாதக்கணக்கில் ஓடும்.